பேருக்கு விட்ட இடம்

கடலாடி
12.5.2024

அன்புள்ள ஹமீது அண்ணனுக்கு,

யுவராணி எழுதுகிறேன், கோகிலாவின் தங்கச்சி. எங்கள் வீட்டிலிருந்து இனி ஒரு வார்த்தையும் உங்கள் காதில் விழக்கூடாது என்றுதான் நம்பரை மாற்றிக்கொண்டு போனீர்கள் என்று தெரியும். தெரிந்தும் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரைக்குப் போய் உங்கள் அக்கா தஸ்னீம் லாத்தாவைப் பார்த்தேன். புது நம்பர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான்தான் கேட்கவில்லை. போனில் அனுப்பினால் நீங்கள் பார்த்தது எனக்குத் தெரிந்துவிடும், பதில் சொல்லாததும் தெரிந்துவிடும். இதை நீங்கள் பிரிக்காமலே வைத்துக்கொள்ளலாம். "வெள்ளிக்கெழம நம்ம காஜா நவாஸ் மஸ்கட் போறாரு. குடும்மா, அவரு பெட்டியில வச்சு விடுறேன்" என்று லாத்தா வாங்கிக்கொண்டார்கள். டீ கொடுத்தார்கள். அக்காவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

எங்கள் தெருவில் முதலில் டிகிரி வாங்கியவள் நான் என்பதால் முதியோர் பென்ஷனிலிருந்து தெருவிளக்கு வரைக்கும் எல்லா மனுவும் என் கையால்தான் போகிறது. அந்தப் பழக்கத்தில் இதுவும் மனு மாதிரியே வருகிறது. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆடியில் அக்கா போய் வருஷம் திரும்புகிறது. வசந்தகுமார் மச்சான் திருப்பூரிலிருந்து வந்து, வீரபத்திரன் அண்ணன் ஸ்டுடியோவில் நினைவுப் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது எல்லார் வீட்டிலும் அப்படித்தானே. வாசலில் போட்டோ வைத்த ஃப்ளெக்ஸ், ஸ்பீக்கரில் பாட்டு, யூடியூபில் ஒரு வீடியோ. வார்த்தை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். வீரபத்திரன் அண்ணன் சொன்னார்: "புதுசா எதுக்கும்மா எழுதிக்கிட்டு? ஓம்பாட்டே கெடக்கு, ஒத்தப் பனைப் பாட்டு. கோகிலான்னு மூணெழுத்துப் பேரு, அளவெடுத்துத் தச்ச மாதிரி ஒக்காந்துரும். பேர மட்டும் மாத்திப் பாட வச்சுருவோம்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் வேலையே அதுதானே. ஒரு மெட்டில் சாமி பெயரை மாற்றி மாற்றி எத்தனை ஊருக்குக் கும்பாபிஷேகப் பாட்டு செய்திருக்கிறோம். இதுவும் பாம்பன் படகுக்காரர் ஒருவர் இறந்துபோன தன் மனைவிக்காகச் செய்யச் சொன்னது, அப்புறம் யார் யாருக்கோ போனது.

*உப்பளத்து மேட்டோரம் ஒத்தப் பனை நிக்குதே…*
*ஒங்காலடி தேடி மணல் ஊரைக் கேக்குதே…*

ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் பேருக்கு இடம். அந்த இடத்தில் முதலில் யார் பெயரை, யார் பாடினார் என்று அவருக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். எப்போதும் போல. பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றபோதுதான் முடியாது என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

அண்ணா, அந்த மெட்டில் அக்கா பெயரை இன்னொருவர் பாடி நான் கேட்க முடியாது. வேறு ஒரு மெட்டு போட்டுத் தாருங்கள். வார்த்தை நான் எழுதிக்கொள்கிறேன். இதுதான் நான் கேட்க வந்தது.

இப்படிக்கு,
யுவராணி

*

மஸ்கட்
31.5.2024

யுவராணிக்கு,

கடிதம் வந்தது. பிரிக்காமல் வைக்கலாம் என்று நீயே எழுதியிருப்பது பிரித்த பிறகுதான் தெரிந்தது.

இங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கக் குடோனில் இருக்கிறேன். லாரி வந்தால் பெட்டி இறக்க வேண்டும், லாரி இல்லாதபோது பெட்டி அடுக்க வேண்டும். கீபோர்டை விற்றுத்தான் விமானம் ஏறினேன். அதனால் மெட்டு போடுகிற ஹமீது என்று இங்கே ஒருவரும் இல்லை. நீ விலாசம் தப்பி எழுதிவிட்டாய்.

எழுதியதால் சொல்கிறேன். உங்கள் அம்மா ஸ்டுடியோ வாசலுக்கு வந்தார்களே, அன்றைக்குப் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருக்காது. உன் அக்கா பாடியதைக் கோரஸ் பிள்ளை ஒருத்தி போய் வீட்டில் சொல்லியிருக்கிறாள். "எம்புள்ள உசுரோட இருக்கையிலயே அவளுக்கு ஒப்பாரி வச்சுட்டியேடா! அவ வாயாலயே வைக்க வச்சுட்டியேடா!" தெருவில் போனவர்கள் எல்லாம் நின்றார்கள். வேல்ராஜ் பம்பையைத் தோளில் மாட்டியபடி அப்படியே நின்றான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் டெங்குக் காய்ச்சலைப் பற்றி என்ன விளக்குவது?

உனக்காவது நடந்தது நினைவிருக்கிறதா? பாட்டு எடுத்த அன்றைக்குப் படகுக்காரர் மனைவி பெயரை இன்னும் சொல்லி அனுப்பவில்லை. நான் கோகிலாவிடம் சொன்னேன், "பேரு வர்ற எடத்துல லா லான்னு பாடிரும்மா, அளவு தெரிஞ்சா போதும்." அவள் கேட்டாளா? "லா லான்னு ஒப்பாரி வச்சா எவளுக்குண்ணே அழுக வரும்? அடுத்தவுக பேரச் சொன்னா ஆகாது. எம்பேரையே வச்சுக்கிறேன். மூணெழுத்துதான, யாரு கேக்கப் போறா." எல்லோரும் சிரித்தோம். பாடுகிற அறைக் கதவை இன்னும் சாத்தவில்லை. நீ கண்ணாடிக்கு வெளியே அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய். நீயும் சிரித்தாய்.

பாட்டில் பெயர் வந்தால் மௌத் வரும், சாவு வரும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். எழுதிய நேரத்தில்தான் வரும் என்று சின்ன வயதிலிருந்து ஓதி வளர்ந்தவன். ஆனால் பெட்டி இறக்கும்போது காதில் கேட்பது ஓதியது இல்லை, உங்கள் அம்மா சத்தம்தான்.

வீரபத்திரனிடம் வேறு மெட்டு கேள். அந்த ஆளிடம் இல்லாத மெட்டா? இனி எழுத வேண்டாம்.

ஹமீது

பி.கு.: பிள்ளை பேசுகிறதா?

*

கடலாடி
6.6.2024

அன்புள்ள ஹமீது அண்ணனுக்கு,

பேசுகிறாள்.

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள், ஆனால் கேள்வியும் கேட்டிருந்தீர்கள். அதனால் இதை மட்டும் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

தன்ஷிகாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. காக்காவைப் பார்த்தால் "போ, வேல இருக்கு" என்கிறாள், என் அய்யாவிடம் கற்றது. எங்கள் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அம்மா ஒவ்வொரு தடவையும் "அம்மாச்சின்னு சொல்லுடி" என்று திருத்துகிறாள். அவள் திருத்தும்போது முகத்தைப் பார்க்க முடிவதில்லை. அக்கா போட்டோவைக் காட்டி யாரென்று கேட்டால், "போட்டோ" என்கிறாள்.

வருஷம் திரும்பியதும் ஆவணிக் கடைசியில் அவளை மச்சான் திருப்பூருக்குக் கூட்டிப் போகிறார். அவர் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். மச்சானுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டோம். அவர் நல்லவர்தான் அண்ணா, வந்தால் பிள்ளையைத் தரையில் விடாமல் தூக்கி வைத்திருப்பார். யாரும் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. பிள்ளை போகிறாள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் பக்கத்து ஊர்க் கோயிலில் பொங்கல். நாம் செய்த அய்யனார் பாட்டு ஸ்பீக்கரில் ஓடியது. நானும் அம்மாவும் ரேஷன் கடையிலிருந்து அரிசியோடு வந்துகொண்டிருந்தோம். அம்மா நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"பின்னாடி பாடுறது யாருடி?"

"கோரஸும்மா. நாலு பேரு பாடுறது."

"நாலுல ஒண்ணு யாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்."

வெயிலில் அரிசிப் பையைத் தலையில் வைத்தபடி பாட்டு முடிகிற வரை நின்றாள். அந்தப் பாட்டில் பல்லவிக்குப் பின்னால் ஒரு 'ஓ' வருமே, அதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் ஸ்பீக்கர்காரர் காணாமல் போன ஆட்டைப் பற்றி அறிவிக்க ஆரம்பித்தார். நாங்கள் நடந்தோம். வீட்டுப் பக்கம் வந்ததும் கேட்டாள்.

"அந்தப் பய எங்கடி இருக்கான்?"

"மஸ்கட்லம்மா."

"அங்கயும் பாட்டுப் பொட்டி தட்டுறானா?"

"இல்லம்மா. பொட்டி எறக்குறாரு."

சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கழுவி வைத்திருந்த குடத்தை எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

அய்யா ஒருநாள் அக்காவிடம் கேட்டது நினைவுக்கு வருகிறது. "நீ பாடுனேங்கிற, பாட்டுல ஒங்கொரலக் காணமே தாயி?" அக்கா சொன்னாள்: "ட்ராக்குன்னா அப்படித்தான்யா. பெரிய பாடகி வந்து கேட்டுப் படிச்சுக்கிறதுக்காக நான் முன்னாடி பாடி வைக்கிறது. அவுக பாடி முடிச்சதும் என்னயத் தூக்கிருவாக." அய்யா கொத்தனார் வேலை பார்த்தவர் இல்லையா, உடனே புரிந்துகொண்டார். "சாரம் கட்டுற மாதிரியா? பூச்சு முடிஞ்சா அவுத்துருவோமே."

நீங்கள் மெட்டு தர வேண்டாம். ஆனால் வார்த்தையை எழுதிவிட்டேன். உங்களைத் தவிர யாரிடம் காட்டுவதென்று தெரியவில்லை.

*வெயிலடிச்சா நெழல் தேடும் மழையடிச்சா கூர தேடும்*
*வெளக்கணைஞ்ச வீட்டுக்குள்ள வெரலு எதத் தேடும்?*

சரியில்லை என்றால் சரியில்லை என்று மட்டுமாவது எழுதுங்கள்.

யுவராணி

*

மஸ்கட்
4.7.2024

தங்கச்சி யுவராணிக்கு,

சரியாகத்தான் இருக்கிறது. 'எதத் தேடும்' என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டாயே, அங்கே கை வைக்காதே. வீரபத்திரன் பதில் எழுதச் சொல்வான். கேட்காதே.

இதோடு ஒரு மெமரி கார்டு வருகிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு விட்டார்கள். ரூமில் எல்லோரும் பிரியாணிக்குப் போனார்கள், நான் போகவில்லை. குடோனில் ஒரு பெரிய ஃப்ரீசர் இருக்கிறது. அது ஓடும் சத்தம் அசையாமல் ஒரே சுருதியில் நிற்கும். வந்த முதல் நாளே கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்தேன். பெருநாளன்று அதன் பக்கத்தில் உட்கார்ந்து உன் வரிகளை முனகிப் பார்த்தேன். அதைத்தான் போனில் பிடித்து அனுப்பியிருக்கிறேன். பின்னால் கேட்கிற இரைச்சல் தம்பூரா இல்லை, உறைந்த கோழி.

இவற்றை மட்டும் ஸ்டுடியோவில் சொல்லிவிடு. பாடுகிறவர் இழுக்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி பாடட்டும். வயலின் சத்தத்தைக் கீபோர்டில் போட்டு அழ வைக்கக்கூடாது. வேல்ராஜிடம் சொல், முதல் சரணம் முழுக்கப் பம்பையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவனுக்கு அதுதான் கஷ்டம், ஆனால் கோகிலாவுக்கு என்றால் உட்காருவான்.

பேருக்கு இடம் விடவில்லை. வேண்டுமென்றேதான் விடவில்லை. எங்கேயும் ஒரு பெயரைச் செருக முடியாதபடி செய்திருக்கிறேன். இந்தப் பாட்டு இன்னொருவருக்குப் போகாது.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒத்தப் பனை ட்ராக் வீரபத்திரன் கம்ப்யூட்டரில் இல்லை, பாடகி பாடியதுமே தூக்கியாயிற்று. ஆனால் என்னுடைய ஹார்ட் டிஸ்கில் அன்றைக்கு மைக்கில் விழுந்தது அத்தனையும் இருக்கிறது. முழுதாகப் பாடியது, பாதியில் நின்றது எல்லாம். முதல் டேக் பிள்ளை அழுததில் கெட்டுப் போயிற்றே, அதைக்கூட அழிக்கவில்லை. டிஸ்க் தஸ்னீம் லாத்தா வீட்டு அலமாரியில், துணிக்கு அடியில் கிடக்கிறது. விற்க வேண்டியதை எல்லாம் விற்றேன். அதை விற்கவும் முடியவில்லை, கூடக் கொண்டுவரவும் முடியவில்லை.

உயிரோடு இருந்தவள் தன் பெயரைச் சொல்லித் தனக்கே வைத்த ஒப்பாரி. அது ஒரு வீட்டு அலமாரியில் இருக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவிடம் கேள். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுகிறேன். அக்டோபரில் ஊருக்கு வருவேன், இன்ஷா அல்லாஹ். அவர்கள் கண் முன்னாலேயே அழிக்கிறேன்.

நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். கொடுத்தாலும் பரவாயில்லை.

ஹமீது

*

கடலாடி
12.8.2024

அன்புள்ள ஹமீது அண்ணனுக்கு,

நம்பரைப் பார்த்தேன், சேமித்தும் வைத்துவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். போனில் "நல்லாருக்கீகளாண்ணே" என்று கேட்பேன், நீங்கள் "நல்லாருக்கேன்" என்பீர்கள், நான் சரியென்று வைத்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

வருஷம் நல்லபடியாக முடிந்தது.

உங்கள் மெட்டைக் கேட்டு வீரபத்திரன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாஞ்சரி, பேரு எங்கம்மா வரும்? நாளைக்கு இன்னொரு பார்ட்டி வந்தா நான் எத மாத்துறது?" மாற்ற முடியாது அண்ணா என்று சொன்னேன். நான்தான் சொன்னேன், நிஜமாகவே வாயைத் திறந்து. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஹமீதுப் பய அங்க போயும் தொழிலக் கெடுக்குறான்" என்று சொல்லிக்கொண்டே மைக்கைச் சரிசெய்யப் போனார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

வேல்ராஜ் அண்ணன் முதல் சரணம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சரணத்துக்கும் கையை அவிழ்க்கவில்லை. வீரபத்திரன் அண்ணன் சைகை காட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அதனால் பாட்டில் பம்பை கடைசியில் மட்டும்தான், அதுவும் விரலால் தொட்ட மாதிரி.

ட்ராக் நான் பாடினேன். வேறு ஆள் வரவில்லை. பரமக்குடியிலிருந்து பாடகி வந்து, கேட்டுப் படித்துக்கொண்டு நன்றாகப் பாடிவிட்டுப் போனார். என்னைத் தூக்கிவிட்டார்கள். அந்தக் கண்ணாடிக்கு உள்ளே நான் நின்றது அதுதான் முதல் தடவை. உள்ளே நின்றால் வெளியே நிற்பவர்கள் பேசுவது துளிகூடக் கேட்காது என்று அப்போதுதான் தெரிந்தது.

நீங்கள் கேட்கச் சொன்னதை அம்மாவிடம் கேட்டேன். மறுநாள் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அவ பாடுனத அழிக்க நாம யாருடி? இருந்துட்டுப் போகட்டும். நான் கேக்க மாட்டேன், என்னால ஆகாது. ஆனா அழிக்க வேணாம்னு எழுது." கொஞ்ச நேரம் கழித்து, "தம்பின்னு எழுது. அந்தப் பயன்னு எழுதிறாத" என்றாள். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. ஏர்வாடியில் அவளே பார்த்து வாங்கிய கருவாடு. நான்கு கவர் போட்டுக் கட்டியிருக்கிறாள். எடுத்துப் போகிறவர் நம்மைத் திட்டாமல் இருக்க வேண்டும்.

இனி எழுதப் போவதுதான் நான் முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டியது. அப்போது கேட்கத் தைரியமில்லை, மெட்டு மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

வருஷத்தன்று வாசலில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வந்த சொந்தக்காரர்களில் ஒரு அத்தை தன்ஷிகாவைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கேட்டியா தங்கம், அம்மா பாட்டு. அம்மா பாட்டு ஓடுது பாரு" என்றார். பாசத்தில்தான் சொன்னார். பிள்ளை ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்து "அம்மா" என்றாள். எல்லோரும் அழுதார்கள். மறுநாள் மச்சான் போனில் அதே பாட்டைப் போட்டதும் ஓடிப் போய்ப் போனில் காதை வைத்துக்கொண்டு "அம்மா" என்றாள். அதிலிருந்து அப்படித்தான். அந்தப் பரமக்குடிக் குரலைத்தான் அவள் அம்மா என்று வைத்துக்கொண்டாள். இதற்குமா அக்காவைத் தூக்கிவிட்டு இன்னொருவர் பாட வேண்டும்?

எங்களிடம் அக்கா குரல் இல்லை அண்ணா. கல்யாண வீடியோவில் மேளச் சத்தம்தான் இருக்கிறது. அவளுடைய பழைய போன் திறக்கவே இல்லை.

அந்த முதல் டேக்கில் பிள்ளை என் இடுப்பிலிருந்து கையை நீட்டி நீட்டி அழுதாள். அந்தச் சத்தம் கதவைத் தாண்டி உள்ளே போய்ப் பாட்டைக் கெடுத்தது. அக்கா பாடுவதை நிறுத்திவிட்டு, ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் கையை வைத்து என்னமோ சொன்னாள். வெளியே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உதடு அசைந்ததுதான் தெரிந்தது. முதலில் 'வண்டு' என்றாள், அது மட்டும் உதட்டிலேயே தெரிந்தது. பிள்ளையை அவள் ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவாள், அவள் போன பிறகு அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் என்ன சொன்னாள் என்று தெரியாது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டாள்.

மைக் திறந்துதான் இருந்தது. நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

பாட்டு வேண்டாம் அண்ணா. அக்கா பெயர் வருகிற எந்த வரியும் வேண்டாம். ஆவணிக் கடைசியில் பிள்ளை போய்விடுவாள். அதற்குள் தஸ்னீம் லாத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லி அந்த டிஸ்கை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் டேக்கில் பாட்டு நின்ற பிறகு வருகிற அந்த இடத்தை எப்படி வெட்டி எடுப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுங்கள்.

யுவராணி